அடுத்த வீட்டுக் கரண்டு

அமலன் ஸ்டூலிலிருந்து மல்லாக்க விழுந்தான். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் பறந்துபோய் எதிர்ச்சுவரில் மோதி, கட்டிலுக்கு அடியில் உருண்டு மறைந்தது.

விழுந்ததே நல்லதாகப் போயிற்று. வயரில் பட்டது புறங்கை. அதனால் உதறித் தள்ளிவிட்டது. உள்ளங்கையாக இருந்திருந்தால் விரல்கள் தானாக மடங்கி வயரைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். அப்புறம் யாராவது கட்டையால் அடித்துத்தான் பிரித்திருக்க வேண்டும்.

அடுப்படியிலிருந்து விஜிலா ஓடி வந்தாள்.

“மாதாவே! தம்பி, என்னாச்சு?”

“அங்கனயே நில்லுங்கக்கா. போர்டு பக்கம் வராதீங்க.”

தரையில் உட்கார்ந்தபடியே விரல்களை மடக்கி விரித்தான். முழங்கை வரை எறும்பு ஊர்ந்தது. உயிர் இருக்கிறது. ஸ்டூலுக்குத்தான் ஒரு கால் போயிருந்தது.

“மெயினை யாரு போட்டா?”

“யாரு போடுவா? வீட்ல இருக்கது நீயும் நானும்தான். நான் மீன் கழுவிக்கிட்டு இருக்கேன்.”

அமலன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். இரண்டு பீங்கான் பீஸ் கட்டைகளும் அங்கேயே இருந்தன. மாப்பிள்ளையூரணியில் தொழில் பழகின நாளிலிருந்து அவன் விடாத வழக்கம் அது. வேலையைத் தொடங்கும் முன் மெயின் பீஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்வான். பூட்டைவிடப் பத்திரம். அவனே எழுந்து போய் மாட்டினால் ஒழிய அந்த வீட்டுக்குள் கரண்டு வர வழியே கிடையாது.

கூடத்தில் மின்விசிறி நின்றிருந்தது. பிரிட்ஜ் மூச்சுக் காட்டவில்லை. மாடிப்படிக்கு அடியில் மீட்டர்ப் பெட்டி செத்துக் கிடந்தது.

இந்த ஒரு அறையில் மட்டும் கரண்டு இருந்தது.

அதைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு. ஸ்டூலில் ஏறுவதற்கு முன் அவன் டெஸ்டர் வைத்துப் பார்த்திருந்தான். அப்போது கரண்டு இல்லை.

அறை ஆக்னஸுடையது. விஜிலாவின் அம்மா. வயது எழுபத்தொன்று. நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிற நோய். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்துவிட்டு, இன்று நாலு மணிக்கு ஆம்புலன்ஸில் வீட்டுக்கு வருகிறாள். நாலு வருஷமாக அவ்வப்போது ஓடிய ஆக்சிஜன் மெஷின் இனிமேல் இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டும். தூங்கும்போது மூச்சைத் தள்ளிவிட இன்னொரு மெஷின். அறைக்கு ஏசி. மெஷின் பத்து நிமிடம் நின்றால் அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் விஜிலாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

திரேஸ்புரத்து இந்தப் பழைய வீட்டில் இருந்ததோ மரப்பலகையில் அறைந்த நாலு பீங்கான் பீஸ். மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாக ஓடினால் பலகை வெதுவெதுவென்று சூடாகும். அதனால்தான் மூன்று பேஸ் இணைப்புக்கு எழுதிப் போட்டாள் விஜிலா. அனுமதியும் வந்துவிட்டது. கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் புது டிபி பாக்ஸை மாட்டி, எம்.சி.பி. சுவிட்சுகளை வரிசையாகப் பூட்டி, எர்த் குழிவரை அமலன் முடித்துவிட்டான். மிச்சம் இந்த அறைக்கு வயர் இழுப்பதுதான். இரண்டு மணிக்கு மின்வாரிய உதவிப் பொறியாளர் சிவசுப்பிரமணியன் வந்து பார்வையிட்டு, மீட்டரை மாற்றி, சீல் வைப்பார். இன்று வெள்ளி. இன்று விட்டால் திங்கள்.

திங்கள் வரை ஆஸ்பத்திரியில் கிடக்க ஆக்னஸ் தயாராக இல்லை. “திங்கக்கெழமை வரைக்கும் இங்கன போட்டேன்னு வையி, நான் ஆம்புலன்ஸ்ல வர மாட்டேன். பெட்டியிலதான் வருவேன்” என்று போனில் சொல்லிவிட்டு, மூச்சு வாங்கியதால் அதோடு நிறுத்தியிருந்தாள்.

விஜிலாவை அந்தப் பேச்சு அசைக்கவில்லை. அவளை அசைத்தது வேறொன்று. அவள் அப்பா பர்னபாஸ், கொரோனா சமயத்தில், இதே அறையில், இதே மாதிரி ஒரு மெஷினில் இருந்தபோதுதான் தெருவில் கரண்டு போனது. முக்கால் மணி நேரம். விஜிலா அப்போது மஸ்கட்டில் நர்ஸ். விமானம் ஓடாத நேரம். அப்பாவின் அடக்கத்தைச் செல்போனில் பார்த்தாள்.

மணி பதினொன்றே கால்.

“பழைய இன்வெர்ட்டர்ல இருந்து வருதோ என்னமோ” என்றாள் விஜிலா. “அம்மா ரூமுக்கு மட்டும் தனியா ஒண்ணு உண்டு. அருமையான இன்வெர்ட்டர், தம்பி. நான் வேலையை விட்டுட்டு வந்து ரெண்டு வருசம் ஆகுது. எத்தனை தடவை கரண்டு போயிருக்கு! அம்மா மெஷின் ஒரு நிமிசத்துக்கு மேல நின்னதே கெடையாது.”

“எங்கன இருக்கு?”

“படிக்கு அடியில. ஆனா தொட்டா அம்மா வையும். ‘ஷாக் அடிக்கும், கிட்டப் போகாத ஏளா’ன்னு வெரட்டும்.”

அமலன் படிக்கு அடியில் குனிந்து பெட்டியைத் திறந்தான். பேட்டரியின் மூடியைத் திருகி டார்ச் அடித்தான். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. முனைகளில் உப்புப் பூத்து, காலிஃபிளவர் மாதிரி வெள்ளையாகக் குவிந்திருந்தது. பின்பக்கம் கையை விட்டு வயரை இழுத்தான். அது எதிலும் சேராமல் சுலபமாக வெளியே வந்துவிட்டது. அதன் நுனியில் பல்லி முட்டை இரண்டு ஒட்டியிருந்தன.

“அக்கா, இந்த இன்வெர்ட்டர் செத்து அஞ்சாறு வருசம் இருக்கும்.”

விஜிலா அந்த வயரின் நுனியையே பார்த்தாள்.

“அப்போ இத்தனை நாளும் அம்மா மெஷின் எதுல ஓடிச்சு?”

அதுதான் கேள்வி. அமலனுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது.

அவன் டெஸ்ட் லாம்பை எடுத்தான். ஒரு ஹோல்டர், ஒரு குண்டு பல்பு, இரண்டு வயர். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஆக்னஸ் அறையின் வயர்களில் அதைக் கோத்துத் தொங்கவிட்டான். பல்பு பளிச்சென்று எரிந்தது.

“நீங்க இங்கன நின்னு பல்பைப் பாருங்கக்கா. செல்போன்ல செகண்டு ஓட விடுங்க. நான் அங்கன பீஸைப் போட்டுப் போட்டுப் புடுங்குதேன். அணைஞ்சா ‘போச்சு’ன்னு சொல்லுங்க. வந்தா ‘வந்துச்சு’ன்னு சொல்லுங்க.”

மீட்டர்ப் பெட்டியில் பீஸ் கட்டைகளை மாட்டினான்.

“என்னமோ ஒரு தடவை கண்ணடிச்சுது தம்பி. இப்போ எரியுது.”

பிடுங்கினான்.

“போச்சு!”

வீடு அமைதியாக இருந்தது. தெருவில் மீன் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

“வந்துச்சு! இருபத்திரண்டு செகண்டு.”

மாட்டினான், பிடுங்கினான்.

“போச்சு... வந்துச்சு. நாப்பத்தொண்ணு.”

இன்னொரு தடவை.

“போச்சு... வந்துச்சு! ஒம்பது செகண்டுதான்.”

அமலன் பீஸ் கட்டைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பன்னிரண்டு வருஷத் தொழிலில் இப்படி ஒன்றை அவன் பார்த்ததில்லை.

“என்ன தம்பி, தானா மாறுத மெஷின் எதாவதா?”

“மெஷின்னா ஒவ்வொரு தடவையும் ஒரே நேரம்தான் எடுக்கும்க்கா. அஞ்சு செகண்டுன்னா அஞ்சு செகண்டு. இது இருபத்திரண்டு, நாப்பத்தொண்ணு, ஒம்பது.” குரலைத் தாழ்த்தினான். “எங்கனயோ ஒரு ஆள் இருக்கான். கையால போடுதான். ரெண்டாவது தடவை எந்திரிச்சு எங்கயோ போயிருக்கான். மூணாவது தடவை சுவிட்சுப் பக்கத்துலயே உக்காந்துட்டான்.”

கட்டிலை நகர்த்தினார்கள். அலமாரியை நகர்த்தினார்கள். அதற்குப் பின்னால், பிளக் போர்டிலிருந்து தரையோரமாக ஒரு சாம்பல் நிறக் கேபிள் ஓடியது. கைக் கட்டைவிரல் தடிமன். ஒரு சாணுக்கு ஒரு கிளிப், வரைகோல் வைத்து அடித்த மாதிரி. நுனியில் எண் பொறித்த பித்தளைத் தகடு. கீறிப் பார்த்தால் உள்ளே ஈயம் பூசிய செம்பு. கடல் காற்றுக்கு நூறு வருஷம் தாங்கும்.

“இது ஊர் வேலை இல்லக்கா. கப்பல் வேலை.”

கேபிள் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று. விஜிலாவின் முகம் மாறியது. அந்தப் பக்கம் யார் வீடு என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

பவுல். ஆக்னஸின் கூடப்பிறந்த தம்பி, விஜிலாவுக்குத் தாய்மாமன். முப்பது வருஷம் கப்பலில் எலக்ட்ரிஷியன். ஒரே வீடாக இருந்ததை அக்காவும் தம்பியும் பாகம் பிரித்தபோது நடுவில் ஒன்றரை அடிச் சந்து ஒன்று மிச்சமானது. அது யாருக்கு என்பதில் பர்னபாஸுக்கும் பவுலுக்கும் கைகலப்பு. பர்னபாஸ் ஒரே நாளில் அந்த இடத்தை அடைத்துச் சுவர் எழுப்பினார். பவுல் தன் வாசலைப் பின்தெருவுக்குத் திருப்பிக்கொண்டு, கரண்டையும் அந்தத் தெருக் கம்பத்திலிருந்தே இழுத்துக்கொண்டார். பதிமூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பர்னபாஸ் அடக்கத்துக்கும் பவுல் வரவில்லை.

“நம்ம கரண்டைத் திருடுதானா?”

“திருடலக்கா. குடுக்கான்.”

“குடுக்கானா? நீ கைய வெச்ச நேரம் பாத்தா குடுப்பான்? தம்பி, இது கொலை.” அவள் சேலையை இடுப்பில் செருகினாள். “அறுத்து விடு அந்த வயரை!”

“அறுத்தா உயிருள்ள முனை சுவருக்குள்ளயே கெடக்கும். இந்தக் கடல்கல் சுவரைப் புதுசா வெட்டினா மாவா உதிரும். இந்த ரூமுக்கு வயர் வர இருக்கது ஒரே ஒரு பைப்புதான். பழைய வயரை உருவிட்டு இதுலதான் புதுசை இழுக்கணும். அந்தப் பக்கம் அவரு நிறுத்தாம நான் ஒரு வயரையும் தொட முடியாது.”

அப்போது பார்த்து போன் அடித்தது. சிவசுப்பிரமணியன்.

“அமலா, ரெண்டு மணிக்கு டாண்ணு வாரேன். வெளியில இருந்து எந்த லைனும் உள்ள வரக் கூடாது, ஜெனரேட்டர் லைன்கூட. இருந்துச்சுன்னா கையெழுத்துப் போட மாட்டேன். கம்பத்துல ஏறுதவன் உயிரு எனக்கு முக்கியம் பாத்துக்க.”

“சரி சார். ஒண்ணுமில்ல சார்.”

போனை வைத்தான். மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம்.

தெருவைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போக ஐந்து நிமிடம் ஆயிற்று. விஜிலா முன்னால் போனாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளங்கையால் அறைந்தாள்.

“மாமா! எங்க வீட்ல எளவு விழணும்னு காத்துக்கிட்டு இருக்கீங்களா?”

பதிமூன்று வருஷமாக வராத ‘மாமா’ கோபத்தில் தானாக வந்துவிட்டது. அவளே அதைக் கவனிக்கவில்லை.

கதவு உடனே திறந்தது. இடுப்பில் சாரமும் கை வைத்த பனியனுமாக ஒரு மெலிந்த மனிதர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது ஒடிந்து, அதற்குப் பதிலாகச் சிவப்பு வயர். அவர் விஜிலாவைப் பார்க்கவில்லை. அமலன் தடவிக்கொண்டிருந்த கையைப் பார்த்தார்.

“எங்க பட்டுச்சு? புறங்கையா?”

“ஆமா அண்ணாச்சி.”

“பொழச்ச.” அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். “ஏலே, போர்டுல அட்டை தொங்க விட்டியா?”

“என்ன அட்டை?”

“‘ஆள் வேலை பாக்கான், தொடாதே’ன்னு. கப்பல்ல அட்டை தொங்க விடாம எவனும் வயர்ல கைய வைக்க மாட்டான். வெச்சா மறுதுறைமுகத்துல எறக்கி விட்டுருவான்.”

“அடுத்த வீட்ல வந்து அட்டை தொங்க விடணும்னு எனக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்?”

பவுல் யோசித்தார். “அதுவும் சரிதான்” என்றார்.

விஜிலாவுக்குப் பொறுக்கவில்லை. “ரெண்டு பேரும் நியாயம் பேசுதியளோ? எங்க அம்மா ரூமுக்கு நீங்க எதுக்குக் கரண்டு குடுக்கணும்?”

அவர் உள்ளே நடந்தார். இருவரும் பின்னால் போனார்கள்.

அந்த வீட்டில் ஒரே ஒரு அறைதான் புழக்கத்தில் இருந்தது. கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது, ஆக்னஸ் அறையின் சுவரோடு. தலைமாட்டில், படுத்தபடியே கையை நீட்டினால் எட்டும் உயரத்தில், கைப்பிடி வைத்த இரும்புச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். கைப்பிடி மேலே போனால் ‘ஷோர்’. கீழே வந்தால் ‘எமர்ஜென்சி’. துறைமுகத்தில் கட்டி நிற்கிற கப்பலுக்குக் கரையிலிருந்து வரும் கரண்டுக்குத்தான் ஷோர் என்று பெயர். இங்கே ஷோர் என்பது விஜிலாவின் வீடு. சுவிட்சுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு, அதன் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு நோட்டு, நூலில் கட்டிய பேனா.

சிவப்பு பல்பு அணைந்திருந்தது. கைப்பிடி கீழே இருந்தது.

“உங்க பக்கம் கரண்டு இருந்தா இது எரியும்” என்றார் பவுல், அமலனிடம் மட்டும். “அணைஞ்சா கீழ போடுவேன். எரிஞ்சா மேல போடுவேன். அவ்வளவுதான். காலையில அந்த ரூமைக் கழுவி விட்டாவ. கட்டிலை இழுத்தாவ. அக்கா வந்துட்டான்னு நெனச்சேன். அணைஞ்சுது, போட்டேன்.”

“ஒரு நாள் நீங்க தூங்கிட்டா அண்ணாச்சி?”

“தலைமாட்டுல மணி இருக்கு.”

“ஊருக்குப் போயிட்டா?”

“போகல.”

“இத்தனை வருசமாவா?”

பவுல் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார். “எனக்கு எந்த ஊருல என்ன வேலை?”

விஜிலா கட்டிலையும் கைப்பிடியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வரும்போது கொண்டுவந்த கோபத்தை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாம எப்படி உள்ள வந்து வயர் அடிக்க? பர்னபாஸ் செத்த வருசம் ஜூலை மாசம் நானே கேபிளைச் சுமந்துக்கிட்டு வந்து வாசல்ல நின்னேன். வயரை உள்ள விட்டா. வேலை முடிஞ்சதும் கதவைச் சாத்திட்டா. அதுல இருந்து ஒரு வார்த்தை கெடையாது. இன்வெர்ட்டர்னு உன்கிட்டச் சொல்லியிருப்பா.”

“ஆமா.”

“அவ அப்படித்தான்.”

அமலன் மணியைப் பார்த்தான். “அண்ணாச்சி, இதை நிறுத்தணும். அந்தப் பக்கம் மூணு பேஸ் வருது.”

பவுலின் கை தானாகக் கைப்பிடிக்குப் போயிற்று.

“நிறுத்த மாட்டேன்.”

“மாமா!”

“ஒரு பேஸ் போச்சுன்னா?” அவர் அமலனை மடக்கினார்.

“ஆட்டோ பேஸ் செலக்டர் போட்டிருக்கேன். தானா அடுத்த பேஸுக்கு மாறிரும்.”

“எத்தனை செகண்டுல?”

“ஒண்ணுகூட ஆகாது.”

“மூணும் போச்சுன்னா?”

“புது மெஷினோட ஒரு புது இன்வெர்ட்டரும் வந்திருக்கு. மெஷினுக்கு மட்டும் தனியா. ஆறு மணி நேரம் நிக்கும்.”

“பேட்டரிக்கு எவன் தண்ணி ஊத்துவான்? அந்தப் பழசுக்கு ஊத்தின லட்சணம் தெரியாதா?”

“இது லித்தியம் அண்ணாச்சி. தண்ணியே வேண்டாம்.”

“ஆறு மணி நேரம் தாண்டிட்டா?”

“ஆக்சிஜன் சிலிண்டர் ரெண்டு நிக்குது. நான் நர்ஸு மாமா” என்றாள் விஜிலா. குரல் இறங்கியிருந்தது. “இதை நீங்க நிறுத்தலைன்னா இன்னைக்குக் கனெக்‌ஷன் கெடையாது. அம்மா திருநெல்வேலியில இருந்து பொறப்படவே முடியாது.”

பவுல் சுவிட்சைப் பார்த்தபடி நின்றார். பிறகு அவர் கைப்பிடியை நடுவில் நிறுத்தினார். தன் மெயின் பெட்டியைத் திறந்து, பீஸ் கட்டைகள் இரண்டையும் உருவி, அமலனிடம் நீட்டினார்.

“உன் பையில வெச்சுக்க. அக்கா மெஷின் ஓடினப்புறம் கொண்டாந்து குடு. அதுவரைக்கும் நான் இருட்டுல இருக்கேன்.”

பட்டப்பகல்தான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் வேலை ஓடியது. நாலு பீஸ் கட்டைகளோடு கனத்த சட்டைப் பையுடன் அமலன் பழைய வயர்களை உருவினான். பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டு, புது வயர்களைக் கட்டி இழுத்தான். மறுமுனையில் விஜிலா சோப்புத் தண்ணீர் தடவித் தடவித் தள்ளினாள். நடுவில் ஒரு வளைவில் சிக்கிக்கொண்டு பதினைந்து நிமிடத்தைத் தின்றது. சாம்பல் நிறக் கேபிளைச் சுவரோடு வெட்டி எடுத்து, ஓட்டையைச் சிமெண்டால் அடைத்தபோது மணி ஒன்றே முக்கால். கழுவி வைத்த மீனைப் பூனை கொண்டுபோயிருந்தது. யாருக்கும் அதைப் பற்றி விசாரிக்க நேரமில்லை.

சிவசுப்பிரமணியன் இரண்டு பத்துக்கு வந்தார். கரண்டுக் கசிவு பார்க்கும் மெக்கரை வைத்து ஒவ்வொரு வயராகச் சோதித்தார். எர்த் குழியில் குனிந்து பார்த்தார். ஈரச் சிமெண்டை விரலால் தொட்டார்.

“இது என்ன?”

“பழைய ஓட்டை சார். எலி வருது.”

“எலியா?” அவர் அமலனின் சட்டைப் பையைப் பார்த்தார். பீங்கான் நாலும் புடைத்துக்கொண்டு நின்றன. பிறகு பேனாவைத் திறந்தார். “சரி. அந்த எலி இனிமே வரக் கூடாது.”

மூன்று பதினைந்துக்கு மீட்டரில் சீல் விழுந்தது. புது பாக்ஸில் மூன்று விளக்குகள், சிவப்பு, மஞ்சள், நீலம், வரிசையாக எரிந்தன.

ஆம்புலன்ஸ் நாலு ஐந்துக்கு வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஆக்னஸ் ஒரு பிடியாகக் கிடந்தாள். கண் மட்டும் சுற்றிச் சுற்றி எல்லாவற்றையும் கணக்கெடுத்தது. கட்டிலில் கிடத்தி, குழாயை மாற்றி, விஜிலா மெஷினைப் போட்டாள். அது ‘உஸ்’ என்று மூச்சுவிடத் தொடங்கியது. விரலில் மாட்டிய கருவி எண்பத்தொன்பது காட்டியது. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்று மூன்று.

“ஒரு தடவை சோதிச்சிரலாம்க்கா” என்றான் அமலன். சிவப்பு பேஸை அணைத்தான். பெட்டிக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். மெஷின் நிற்கவில்லை. மூன்றையும் அணைத்தான். அப்போதும் நிற்கவில்லை.

ஆக்னஸின் கண் சுவரோரம் போயிற்று. ஈரச் சிமெண்டில் நின்றது.

“வயரை எடுத்துட்டியளா?”

“ஆமாம்மா.”

“அவன் விட்டானா?”

“அவருதான் பீஸைப் புடுங்கிக் குடுத்தாரு. எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சும்மா. ஏன் நீ சொல்லவே இல்ல? நாலு வருசம், ஒரு மனுசன் கட்டிலை விட்டு நகராம...” விஜிலா போர்வையை இழுத்து அவளுக்குப் போர்த்தினாள். “நான் மாமாவைக் கூப்பிடப் போறேன். இன்னைக்கு அவரு நம்ம வீட்ல சாப்பிடணும்.”

ஆக்னஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

கூப்பிடப் போகத் தேவை இருக்கவில்லை. பவுல் வாசல் கேட்டுக்கு வெளியே, ஆம்புலன்ஸ் வந்து நின்ற இடத்தில் நின்றிருந்தார். சட்டை போட்டிருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். கையில் அந்த நீள நோட்டு. அமலன் பீஸ் கட்டைகளை அவரிடம் கொடுத்தான். அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“மெஷின் ஓடுதா?”

“ஓடுது மாமா. தொண்ணூத்தி மூணு. மூணு பேஸையும் அணைச்சுப் பாத்தாச்சு. உள்ள வாங்க.”

அவர் கேட்டைத் தாண்டவில்லை.

“வாங்க மாமா. காலையில நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. அப்பா போன மாதிரி அம்மாவும் போயிரக் கூடாதுன்னுதானே இத்தனையும் செஞ்சீங்க? அப்பா இருந்திருந்தா அவரே வந்து உங்க கையைப் புடிச்சிருப்பாரு.”

பவுல் நோட்டை அவளிடம் நீட்டினார். “மொதப் பக்கத்தைப் பாத்துட்டு அப்புறம் கூப்பிடு.”

விஜிலா பிரித்தாள். அமலனுக்கும் தெரிந்தது. கப்பலில் எழுதுகிற மாதிரி கோடு போட்ட நாலு கட்டங்கள். தேதி. போனது. வந்தது. நான் கொடுத்தது. பக்கம் பக்கமாக, கடைசிக் கட்டத்தில் எல்லாம் விநாடிக் கணக்கு. முப்பது. பதினெட்டு. இருபத்தைந்து. ஒன்றுகூட நிமிடத்தைத் தாண்டவில்லை.

அவள் முதல் பக்கத்துக்குப் போனாள். முதல் வரி. 2021, மே 21. போனது 12.40. வந்தது 1.25. கடைசிக் கட்டம் காலி.

“இது அப்பா எறந்த நாள்.”

“ம்.”

“கேபிள் ஜூலையிலதானே போட்டீங்க? மே மாசத்தை எதுக்கு எழுதியிருக்கீங்க?”

பவுல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்கு அக்கா சுத்திக்கிட்டு பின்தெருவுக்கு ஓடி வந்தா. கதவைத் தட்டினா. ‘ஒரு வயரு மட்டும் குடுடா பவுலு’ன்னா. திரும்பி ஓடினா. மறுபடியும் வந்து தட்டினா.”

“நீங்க வீட்ல இல்லையா?”

“இருந்தேன். கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். பர்னபாஸ் மூக்குல குழாய் இருக்குன்னு எனக்குத் தெரியும். அவன் வாயால கேக்கட்டும்னு நின்னேன்.”

விஜிலா நோட்டை மூடவில்லை.

“பின்தெருவுல எங்கயும் கரண்டு போகல ஏளா” என்றார் பவுல். “என் வீட்ல ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு.”